கண்ணு பத்தலை, பேராண்டி

ஏலே பேராண்டி, உங்க காலேஜு குவார்ட்டர்பேக்கு நூத்துக்கு 70 பந்தைச் சரியாக் கொண்டு சேர்க்கான்னு காலையில இருந்து சொல்லிக்கிட்டே இருக்கே. நல்லா இருக்கட்டும். உங்க அப்பன் அமெரிக்காவுக்குக் கூட்டிட்டு வந்து இந்தச் சோபாவுல உக்கார வச்சதுல இருந்து சனிக்கிழமை தவறாம நானும் இந்த அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தைத்தானே பாக்கேன். ஒரு சந்தேகம் இருக்கு, கேக்கட்டா? அந்த 70-ல எத்தனை பந்து ஆட்டம் தொடங்குத கோட்டுக்கு இந்தப் பக்கமே போச்சு?

முழிக்காதே ராசா, நானே சொல்லுதேன். பையன் பந்தை வாங்குதான். பக்கத்துல நிக்கவன் கையில திணிக்காத கொறையா ஒரு ஸ்க்ரீன் பாஸ் போடுதான். முன்னால ரெண்டு தடியனுவ வழி எடுத்துக் குடுக்க, பிடிச்சவன் 60 கஜம் ஓடி டச்டவுன் வச்சிருதான். மூச்சு வாங்குதது ஓடுனவனுக்கு, 60 கஜமும் எறிஞ்சவன் கணக்குல. காலேஜு ஆட்டத்துல பாஸ் போடுதவனுக்கு மார்க் போட ஒரு சூத்திரம் வச்சிருக்கானுவ. கஜத்துக்கு 8.4, பிடிபட்ட பந்துக்கு 100, டச்டவுனுக்கு 330, எதிராளி பறிச்சா 200 கழிவு, மொத்தத்தையும் எறிஞ்ச தடவையால வகுக்கணும். கூட்டிப் பாரு, அந்த ஒத்த ஸ்க்ரீனுக்கு மட்டும் 934. அதே பையன் ரெண்டு காவலுக்கு நடுவுல 40 கஜம் தள்ளி அளந்து வச்சாப்ல ஒரு பந்தைப் போட்டு, ரிசீவர் அதை நழுவ விட்டா? முட்டை.

இன்னொரு கூத்தையும் கேளு. பந்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே நின்னு, அடி வாங்கி, எட்டு கஜம் பின்னால போயி விழுதான்லா, அந்த ஸாக் நட்டத்தைக் காலேஜுல ஓட்டக் கணக்குல எழுதுவானுவ. பாஸ் மார்க்குல ஒரு பைசா குறையாது. ஆபத்து தெரிஞ்சு புத்தியா வெளிய எறிஞ்சான் பாரு, அவனுக்குத்தான் சதவீதம் எறங்கும்! கணக்கு எழுதுனவன் பெரிய ஞானிதான்.

சந்தையில கொம்புப் பெயின்டைப் பாத்து மாட்டைப் பிடிச்சவன் கதைதான் உன் சதவீதக் கதை. பல்லைப் பிடிச்சுப் பாக்கணும்லா? குவார்ட்டர்பேக்குக்குப் பல்லு கண்ணுல இருக்கு.

பந்தைப் பையன் கைக்குக் குடுக்குத ஸ்னாப்புக்கு முன்னால, எதிராளியோட கடைசி வரிசையைப் பாரு. சேஃப்டி ரெண்டு பேரு ஆழத்துல நிக்கானுவளா, ஒருத்தன் நிக்கானா? ரெண்டுன்னா பின்பக்கத்தை ரெண்டாவோ நாலாவோ பங்கு வச்சிருப்பானுவ. ஒத்த ஆளுன்னா மூணு பங்கா இருக்கும், இல்லன்னா ஆளுக்கு ஆள் காவல். இது பாடப் புத்தகம். எதிராளிக்கும் கோச்சு இருக்காருல்லா? ரெண்டு பேரைக் காமிச்சு நிப்பாட்டிட்டு, ஸ்னாப் ஆனதும் ஒருத்தனை நைசாக் கீழ எறக்கி விடுவாரு. முன்னால எண்ணுனதையே நம்பிக்கிட்டு இருக்க பையன் பந்தை நேர கொண்டு போயி அவன் மடியில வைப்பான். வெவரமான பையன் பந்து கைக்கு வந்த பொறவு இன்னொருக்கா எண்ணுவான். அதுக்குக் கிடைக்கது ரெண்டரை நொடிதான், வச்சுக்கோ.

உங்க ஆளு என்ன செய்யுதான்? ஸ்னாப் ஆனதுல இருந்து ஒரே ரிசீவரையே வச்ச கண்ணு வாங்காமப் பாக்கான். ஆழத்துல நிக்க சேஃப்டி ரிசீவரை எங்கலே பாக்கான்? குவார்ட்டர்பேக்கு கண்ணைத்தான் பாக்கான். கண்ணு போற பக்கம் அவன் காலும் போகும். கள்ளம் தெரிஞ்சவன் வேண்டாத பக்கத்தை உத்துப் பாத்து, சேஃப்டியை ரெண்டு எட்டு அங்கிட்டு நகத்திட்டு, இங்கிட்டு எறிவான். உங்க பையனுக்கு அந்தக் கள்ளம் இன்னும் வரலை. சத்தியசந்தன், எங்க எறியப் போறான்னு ஸ்டேடியத்துக்கே சொல்லிட்டுத்தான் எறிவான்.

அவனை மட்டும் குத்தஞ் சொல்லக் கூடாது. சீசன்ல வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல கட்டாயப் பயிற்சி கூடாதுன்னு என்.சி.ஏ.ஏ. விதி. அதுக்குள்ள எல்லாத்தையும் எப்பிடிச் சொல்லிக் குடுக்க? பல கோச்சுமாரு பாதி மைதானத்தை மட்டும் பாத்தாப் போதும்னு சுருக்கிக் குடுத்திருதாவ. ஆட்டத்துக்கு நடுவுல பையனுவ எல்லாம் திரும்பிக் கரையைப் பாத்து நிக்கானுவல்லா, அங்க கோச்சு யோசிக்காரு, இவன் எறியுதான். 2024-ல இருந்து பெரிய காலேஜுகளுக்கு ஹெல்மெட்டுக்குள்ளயே ரேடியோ வேற. ஆனா அடுத்த ஸ்னாப்புக்கு எண்ணுத கடிகாரத்துல 15 நொடி இருக்கையில அந்தச் சத்தம் அத்துப் போகும். அதுக்குப் பொறவு லைன்பேக்கர் ஒருத்தன் எடம் மாறி நிக்கான்னு வையி, அதைப் பாத்து உங்க ஆளு கையைக் காமிச்சு எதையாவது மாத்துதானா, சும்மா காலைத் தட்டிக்கிட்டு நிக்கானா? அதைக் கவனி.

காலுன்னதும் ஞாபகம் வருது. ரெண்டு அடி வாங்குன பொறவு அவன் காலைப் பாத்தியா? பக்கத்துல யாரும் இல்லாதப்பவும் குதிக்கான். பின்னங்காலுல சாஞ்சுக்கிட்டே எறியுதான், பந்து மேலாப் போகுது. நீ ரிசீவரைத் திட்டுதே.

மைதானத்தையும் கொஞ்சம் அளந்து பாரு. அகலம் 160 அடி. காலேஜுல ஹாஷ் கோடு கரையில இருந்து 60 அடியில கெடக்கு. பந்து இடது ஹாஷுல இருந்தா வலது கரைக்கு 100 அடி. என்.எஃப்.எல்.லுல அதே தூரம் 89 அடிதான். காலேஜுல அந்த அகலப் பக்கத்துக் கரையோரமா ஒரு பந்தை நேரத்துக்குப் போடுதவன் கையும் கண்ணும் ஒன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம். அரை நொடி பிந்துனா கார்னர்பேக்கு பறிச்சுக்கிட்டு எதிரே ஆளே இல்லாம ஓடுவான். உங்க பையன் அந்தப் பக்கம் எறிஞ்சு நான் பாத்ததே இல்ல. நீ பாத்திருந்தாச் சொல்லு.

அதுக்காக ஆளைக் கழிச்சுக் கட்டிராதே. ஜோ பர்ரோவுக்கு ஒகையோ ஸ்டேட்டுல எடம் கிடைக்கலை, எல்.எஸ்.யு.வுக்கு மாறுனான். 2018-ல அங்க 57.8 சதவீதம், 16 டச்டவுன். யாரும் திரும்பிப் பாக்கலை. மறு வருசம் 76.3 சதவீதம், 60 டச்டவுன், பறி குடுத்தது வெறும் 6. ஆடுன 15 ஆட்டமும் ஜெயம், ஹைஸ்மன் கோப்பை வேற. ஒரு வருசத்துல கை மாறிருமா? நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுல இருந்து ஜோ பிராடின்னு ஒரு கோச்சு வந்து, அஞ்சு ரிசீவரையும் பரப்பி ஓட விட்டு, பையன் கண்ணுக்கு வேலை குடுத்தாரு. ஜானி மன்சியேல் கதை நேர்மாறு. 2012-ல முதல் வருசப் பையனாவே ஹைஸ்மன் வாங்குன முதல் ஆளு. ஓடி ஓடித் தப்பிச்சு எறிஞ்சதைப் பாத்து ஊரே கிறங்கிக் கெடந்துச்சு. என்.எஃப்.எல்.லுல கிளீவ்லாண்டுக்குப் போயி ரெண்டு சீசன், அத்தோட சரி. ஐயோவா ஸ்டேட்டுல நாலு வருசம் சத்தமில்லாம ஆடுன பிராக் பர்டியை 2022 என்.எஃப்.எல். டிராஃப்டுல 262-ஆவது ஆளா, கடைசி ஆளாத்தான் எடுத்தானுவ. அவன் சூப்பர் பௌல் வரைக்கும் போயிட்டான்.

இன்னொன்னு. டிவிக்காரன் பந்துக்குப் பின்னாலயே போவான், சேஃப்டி படத்துலயே இருக்க மாட்டான். நீ காசைக் கொட்டிக் கரையோரச் சீட்டு வாங்குதே, அங்க தெரியது முன்னால நிக்கவன் முதுகுதான். கோல் கம்பத்துக்குப் பின்னால உச்சி வரிசையில ஏறி உக்காரு. 22 பேரும் தெரிவானுவ, டிக்கெட்டும் மலிவு.

இப்போதைக்கு என் தீர்ப்பைக் கேட்டுக்கோ. கை இருக்கு, தைரியம் இருக்கு, கண்ணு பத்தலை. மூணாவது டவுனுல எட்டு கஜம் வேணும், முதல் ரிசீவரை ரெண்டு பேரு மறிச்சுக் கெடக்கானுவ. அப்ப மூணாவது ஆளைத் தேடிப் பிடிச்சு எறியுதான்னா என்னை எழுப்பு, நானே எந்திரிச்சுக் கை தட்டுதேன். அது வரைக்கும் அவன் ஸ்க்ரீன் பாஸ்காரன்தான்.