இரண்டாவது டிஸ்கைப் போடச் சொன்ன அதிகாரிக்கு

அனுப்புநர்:
டிஸ்க் மாற்றுபவன் (முழுநேரம், சம்பளம் கிடையாது),
டிவிக்கு எதிரே உள்ள சோபா.

பெறுநர்:
ஒரு கேமுக்கு எத்தனை டிஸ்க் என்று முடிவு செய்யும் உயர் அதிகாரி அவர்கள்,
கேம் கன்சோல் கம்பெனிகள் (அனைத்தும்).

பொருள்: பல டிஸ்க் கேம்களில் டிஸ்க் மாற்றும் பணி – நீண்டநாள் சேவையை அங்கீகரித்து நிவாரணம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: “இரண்டாவது டிஸ்கைப் போடவும்” என்ற தங்கள் திரை அறிவிப்பு. நாள்: கதை சூடுபிடித்த நேரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் கண்ட அறிவிப்பு கிடைக்கப்பெற்றேன். அதன்படி எழுந்து சென்று, முதல் டிஸ்கை எடுத்து, இரண்டாவதைப் போட்டு, மூடியையும் மூடிவிட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எழாமலே இருந்து பார்ப்போமே என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்துதான் இருந்தேன். தங்கள் அறிவிப்பு என்னைவிடப் பொறுமைசாலி. விடிய விடிய அப்படியே நிற்கும் என்று தெரிந்ததும் எழுந்துவிட்டேன்.

பணி எளிது என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. பெட்டியைத் திறந்தால் டிஸ்கின் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் பல் பிடியை விடாது. ஒரு விரலால் நடுவில் அழுத்திக்கொண்டே மறு கையால் விளிம்பைத் தூக்கினால் டிஸ்க் வளையும். உடைந்துவிடுமோ என்று நெஞ்சு பதறுகிற நொடியில் ‘டக்’கென்று கழன்று வரும். எல்லா டிஸ்கையும் ஒரே முளையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி அனுப்பும் சிக்கனப் பெட்டி என்றால் கதை வேறு. அடியில் இருப்பது வேண்டுமென்றால் மேலே இருப்பதையும் கழற்ற வேண்டும். கன்சோலிலிருந்து வெளியே வந்தது வேறு காத்திருக்கும். டிஸ்க் மூன்று, கை இரண்டு. ஒன்றை முழங்காலிலோ டிவி மேசையின் தூசியிலோ வைத்தே ஆக வேண்டும். இதற்குத் தங்கள் கையேட்டில் வழி சொல்லவில்லை. பளபளக்கும் பக்கத்தில் விரல் படக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

இனி என் பணிப் பதிவேடு. 1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7: மூன்று டிஸ்க். 1999இல் எட்டாம் பாகம்: நான்கு. 2000இல் ஒன்பதாம் பாகம்: நான்கு. 1998இல் மெட்டல் கியர் சாலிட்: இரண்டு. பிறகு ரிவன், ஐந்து டிஸ்க். தீவு தீவாகப் போய்ப் புதிர் அவிழ்க்கும் கேம் அது. இந்தத் தீவில் பார்த்த குறிக்கு அந்தத் தீவில்தான் விடை இருக்கும். ஆகவே ஒரு சந்தேகம் வந்தால் ஒரு டிஸ்க்; சந்தேகம் தவறென்று தெரிந்தால் மறுபடி பழைய டிஸ்க். யோசிக்க வைக்கும் கேம் என்று ஊரெல்லாம் பேர். நான் அதிகம் யோசித்தது, இந்தப் புதிருக்காக எழுந்திருப்பது தகுமா என்பதைத்தான்.

அந்தக் காலத்தில் தங்கள் பக்கம் நியாயம் இருந்ததை மறைக்க மாட்டேன். ஒரு சிடியில் 650 எம்பிக்குச் சற்று மேல்தான் அடங்கும். அதற்கு முந்தைய கேட்ரிட்ஜில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கொள்ளாது. சிடியின் இடத்தை நம்பித்தான் ஃபைனல் ஃபேன்டஸி நின்டெண்டோவை விட்டுப் பிளேஸ்டேஷனுக்கே வந்தது. வந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஏழாம் பாகத்தின் ஊர்கள், காடுகள், சண்டைகள் எல்லாம் மூன்று டிஸ்கிலும் திரும்பத் திரும்ப இருக்கின்றன. டிஸ்குக்கு டிஸ்க் மாறுவது பெரும்பாலும் வீடியோக் காட்சிகள்தான். அதாவது, நான் விளையாடும் பகுதி ஒரு டிஸ்கிலேயே அடங்கிவிட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் பகுதிக்காகத்தான் எழுந்து நடக்க வேண்டியிருந்தது.

எழுந்து போனதற்குப் பலன் என்ன என்றும் கேட்க வேண்டும் அல்லவா? எட்டாம் பாகத்தின் நான்காவது டிஸ்கைப் போட்டேன். உலகத்தைக் காப்பாற்றும் கட்டம். ஆனால் அந்த உலகத்தில் எந்த ஊருக்குள்ளும் நுழைய முடியாது. எல்லாம் மூடிக் கிடக்கின்றன. காரணமாக, காலமே குழம்பிப்போய்விட்டது என்று கதையில் சொன்னார்கள். டிஸ்கில் இடம் இல்லை என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். 1998இல் வந்த ஜீனோகியர்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. இரண்டாவது டிஸ்கைப் போட்டுவிட்டு ஆவலோடு உட்கார்ந்தால், கதாநாயகன் ஒரு நாற்காலியில் அமர்ந்து நடந்ததையெல்லாம் வாயாலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டான். எழுந்து நடந்தது நான். உட்கார்ந்து கதை பேசியது அவன்.

மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கும் சான்று வைத்திருக்கிறேன். ரெசிடென்ட் ஈவில் 2 பிளேஸ்டேஷனில் இரண்டு டிஸ்க்: கதாநாயகன் லியோனுக்கு ஒன்று, கதாநாயகி கிளேருக்கு ஒன்று. 1999இல் அதையே ஏஞ்சல் ஸ்டூடியோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் நின்டெண்டோ 64க்காக 64 எம்பி கேட்ரிட்ஜ் ஒன்றுக்குள் வீடியோ உட்பட அடைத்துக் கொடுத்தது. படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் லியோனும் கிளேரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். யாரையும் யாரும் எழுப்பவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குத் தங்கள் துறையில் பதவி உயர்வு கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அடுத்து, தங்கள் முடிவுகளிலேயே சிகரமான முடிவுக்கு வருகிறேன். 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது அதற்கு டிவிடி போதும் என்று தீர்மானித்தார்கள். பாதுகாப்புக்கும் பிறவற்றுக்கும் ஒதுக்கியது போக, கேமுக்கு 7 ஜிபிகூடக் கிடைக்கவில்லை. மறு ஆண்டு வந்த பிளேஸ்டேஷன் 3இல் ப்ளூ-ரே. 50 ஜிபி வரை இடம். விளைவு, 2006இல் ப்ளூ டிராகன் மூன்று டிவிடி, 2007இல் லாஸ்ட் ஒடிஸி நான்கு. 2010இல் ஃபைனல் ஃபேன்டஸி 13ஐ ஒரு கடையில் வாங்கியவர் பிளேஸ்டேஷன்காரர் என்றால் ஒரு டிஸ்க், எக்ஸ்பாக்ஸ்காரர் என்றால் மூன்று. 2011இல் எல்.ஏ. நொயருக்கும் அதே கணக்கு. அதில் நாம் துப்பறியும் போலீஸ்காரர். முதலில் துப்பறிய வேண்டியது, மூன்றாவது டிஸ்க் எங்கே போனது என்பதை.

360இல் பெரிய டிஸ்க் ஓடவே ஓடாது என்றும் சொல்ல முடியாது. 2006 நவம்பரில் எச்டி டிவிடி டிரைவ் ஒன்றைத் தனியாக விற்றார்கள். கொள்ளளவு டிவிடியைப்போல மூன்று மடங்கு. மகிழ்ச்சியோடு விசாரித்தால், அதில் சினிமா மட்டும்தான் பார்க்கலாமாம், கேம் ஓடாதாம். 2008இல் தோஷிபா எச்டி டிவிடியையே கைவிட்டதும் சினிமாவும் போனது.

2009இல் வந்த ஸ்டார் ஓஷன்: தி லாஸ்ட் ஹோப் கேமை என் பதிவேட்டில் சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறேன். 360க்கு மூன்று டிஸ்க். கதை விண்வெளியில் நடக்கிறது. கிரகம் விட்டுக் கிரகம் விண்கலம் கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ந்துவிடும். பின்பாதியில் பழைய கிரகங்களுக்குத் திரும்பிப் போய்ப் பாக்கி வேலைகளை முடிக்கலாம் என்று அனுமதி வேறு கொடுத்திருந்தார்கள். பழைய கிரகம் என்றால் பழைய டிஸ்க். அந்த அண்டவெளி முழுவதிலும் கையால் இயக்க வேண்டிய ஒரே எஞ்சின் நான்தான்.

குறைகளைக் களைய நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2008 நவம்பரில், கேமை ஹார்ட் டிஸ்கில் இன்ஸ்டால் செய்துகொள்ளலாம் என்ற வசதி 360க்கு வந்தது. மூன்று டிஸ்கையும் ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து, இன்ஸ்டால் செய்தேன். விளையாடும்போது “டிஸ்கைப் போடவும்” என்றது. கேம் முழுவதும் உள்ளேயே இருக்கிறது. இருந்தாலும் நான் காசு கொடுத்து வாங்கியவன்தானா என்பதற்குச் சாட்சியாக டிஸ்க் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டுமாம். கதை இரண்டாம் பகுதிக்குப் போனால் சாட்சியையும் மாற்ற வேண்டும். 2013இல் ஜிடிஏ 5 இதைப் பக்குவப்படுத்தியது. 360க்கு இரண்டு டிஸ்க்; ஒன்று இன்ஸ்டால் செய்ய, மற்றது போட்டு விளையாட. நல்ல பிள்ளையாக இரண்டையும் இன்ஸ்டால் செய்துவிடலாம் என்று பார்த்தால், இரண்டாவதை இன்ஸ்டால் செய்யாமல் விளையாடுவதுதான் நல்லது என்று கேமைத் தயாரித்த ராக்ஸ்டாரே சொல்லிவிட்டது.

ப்ளூ-ரே வீடுகளில் மட்டும் நிம்மதியா என்றால், அதுவும் முழுதாக இல்லை. 2008இல் வந்த மெட்டல் கியர் சாலிட் 4இல், பழைய தளத்துக்குத் திரும்பும் கதாநாயகன் ஸ்னேக்கிடம் அவருடைய நண்பர் ஒட்டகான் டிஸ்கை மாற்றச் சொல்வார். பிறகு, இது ப்ளூ-ரே ஆயிற்றே என்று அவரே நினைவுகூர்ந்து சிரிக்க வைப்பார். நானும் சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு அங்கத்துக்கும் முன்னால் கேம் தன்னைத்தானே இன்ஸ்டால் செய்துகொண்டது. ஸ்னேக் சிகரெட் பிடித்து முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டியிருந்தது. எழுந்திருக்கும் வேலையை எடுத்துவிட்டுக் காத்திருக்கும் வேலையைக் கொடுத்தார்கள். உடற்பயிற்சியும் போச்சு.

50 ஜிபி டிஸ்கும் இப்போது போதவில்லை. 2018இல் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2க்கு இரண்டு டிஸ்க். 2020இல் ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக்குக்கு இரண்டு. 2024இல் அதன் அடுத்த பாகமான ரீபர்த்துக்கும் இரண்டு. ஒன்றின் பெயர் டேட்டா டிஸ்க், மற்றதன் பெயர் பிளே டிஸ்க். முன்னது ஒருமுறை உழைத்துவிட்டு ஓய்வு பெற்றுவிடும். பின்னது கடைசிவரை உள்ளே உட்கார்ந்து தன் இருப்பைக் காட்டும். தங்கள் அலுவலகத்தின் பணிப் பங்கீடு எப்படி என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ரீபர்த்தின் சில பிரதிகளில் பெயரையே மாற்றி அச்சிட்டு, டேட்டா என்று எழுதியதில் பிளேயும் பிளே என்று எழுதியதில் டேட்டாவும் வந்தன. எது வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்று அச்சுக்கூடத்துக்கே குழப்பம்.

இவற்றுக்கெல்லாம் மகுடம் வைத்தது 2018 டிசம்பரில் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக். பழைய கன்சோலின் குட்டி வடிவம். 20 கேம்கள் உள்ளேயே இருந்தன. மூடி வெறும் அலங்காரம், திறக்காது. டிஸ்க் என்ற பொருளே கிடையாது. ஆனால் அதில் ஃபைனல் ஃபேன்டஸி 7இன் முதல் டிஸ்க் முடிந்து இரண்டாவது வரும்போது, எழுந்து போய் அந்தத் திறக்காத மூடியைத் திறக்கும் பட்டனை அழுத்த வேண்டும். இல்லாத டிஸ்கை எடுத்து, இல்லாத டிஸ்கைப் போட்டதாகக் கணக்கு. என் பணி நிரந்தரமாக்கப்பட்டதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

ஐயா, சுருக்கமாகச் சொன்னால் வரலாறு இதுதான்: விலை மலிவான டிஸ்கைத் தேர்ந்தெடுப்பது தாங்கள், அதில் வரும் பற்றாக்குறையை நடந்தே தீர்ப்பது நான். ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்கக் கோருகிறேன்.

1. டிஸ்க் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அதை இடைவேளை விடக்கூடிய இடத்தில் வையுங்கள். வில்லன் வாளை ஓங்கியபோது வேண்டாம். அதை ஒரு கட்டம் முன்னாலேயே, சேவ் செய்யும் இடத்தில் சொல்லிவிட்டால் தண்ணீர் குடிக்கும் வேலையையும் சேர்த்து முடித்துக்கொள்வோம்.

2. எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்த பிறகும் சாட்சி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. இன்ஸ்டால் செய்துவிட்டு டிஸ்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பயப்படுகிறீர்கள். கொடுப்போம்தான். ஆனால் அதே பெட்டியின் எந்த டிஸ்க் உள்ளே இருந்தாலும் சாட்சியாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

3. நான்கு டிஸ்க் விற்றால் நான்கு முளை வையுங்கள்.

4. ஒரு கேமை வீடியோவால் ஊதிப் பெருக்குவதற்கு முன்னால், அந்த 64 எம்பி கேட்ரிட்ஜை எடுத்து மேசைமேல் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள்.

கடைசியாக ஒரு முக்கிய எச்சரிக்கை. இந்த மனுவைப் படித்துவிட்டு, “டிஸ்க் மாற்றுவதுதானே தொல்லை? டிரைவையே எடுத்துவிடுகிறோம்” என்று உத்தரவு போட்டுவிடாதீர்கள். 2020இல் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் டிரைவ் இல்லாமல்தான் வந்தது. 2024இல் பிளேஸ்டேஷன் 5 புரோவுக்கு டிரைவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. டிஸ்கை நண்பனுக்குக் கொடுக்கலாம், பாதி விலைக்கு விற்கலாம், அலமாரியில் வைத்துப் பெருமைப்படலாம். 2023 மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கன்சோல்களின் ஆன்லைன் கடையை மூடியபோது, அதில் மட்டுமே கிடைத்துவந்த கேம்களைப் புதிதாக வாங்க வழியில்லாமல் போனது. 1997இல் அச்சான மூன்று டிஸ்கும் கீறல் விழாமல் இருந்தால் இன்றும் ஓடும். யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஆகவே ஐயா, டிஸ்கைக் குறையுங்கள்; ஒழித்துவிடாதீர்கள். ஒன்றோ இரண்டோ மாற்றத்தான் வேண்டும் என்றால், முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வருகிறேன். ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டிஸ்க் மாற்றுபவன்.