கிளட்ச் அறிதல்: அளவையியல் நோக்கில் ஓர் ஆய்வு

முதன்முதலாகப் பழைய கார் வாங்குவோர் கிளட்சின் நிலையை ஆராயப் புகும்போது எதிர்ப்படும் தலையாய இடர், அது கண்ணுக்குப் புலப்படாமையே ஆகும். இஞ்சினோடு சுழலும் ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரத்துக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே நெருக்குண்டு, அச்சுழற்சியை உராய்வினால் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வட்டத் தகடே கிளட்ச் பிளேட். அதன் தேய்மானத்தை நேரில் காண வேண்டுமாயின் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், அதற்கு இசையும் விற்பனையாளர் இனிமேல்தான் பிறக்க வேண்டும். ஆகவே காண்டல், கருதல், உரை எனச் சைவ சித்தாந்த நூலார் வகுத்த மூன்று அளவைகளுள், அதாவது அறிவுக்கு வாயில்களுள், காண்டல் தொடக்கத்திலேயே அடைபட்டுவிடுகிறது.

உரை என்பது நம்பத்தக்கவர் வாய்ச்சொல். "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி, கிளட்ச் இப்பதான் மாத்தினது" என்னும் வாக்கியம் ஊர்தோறும் எழுத்துப் பிசகாமல் வழங்குவதால், மருத்துவர்கள் ஓயாமல் கார் விற்கிறார்கள் என்று கொள்ள வேண்டும், அல்லது இதனை அளவையாகக் கொள்ளலாகாது. மாற்றியதற்குப் பில் இருந்தால் பார்க்கலாம்.

எஞ்சுவது கருதல், அதாவது அறிகுறி கொண்டு உய்த்தறிதல். எடுத்துக்காட்டாக, 1983இல் வெளிவந்து 2014இல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800இன் கிளட்ச் கேபிளால் இயங்குவது. பிளேட் தேயத் தேய, மிதி ஏறக்குறைய முழுவதும் மேலே வந்த பிறகே வண்டி நகரும். இதனை மெக்கானிக்குகள் 'மேல பிடிக்குது' என்பர். எனினும் கேபிள் முனையிலுள்ள நட்டைச் சற்றே திருகினால் மிதி இளமை எய்திவிடுமாதலால், இதனைத் தருக்க நூலார் ஏதுப்போலி, அதாவது காரணம் போலத் தோன்றும் போலிக் காரணம், என்று தள்ளியிருப்பர். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரிலிட்டு, கிளட்சை மெல்ல விடும் சோதனை இதனினும் வலியது: இஞ்சின் திணறி அணைந்தால் பிளேட் நலம்; அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் அது வழுக்குகிறது. தேர்வில் நின்றுபோவதே தேர்ச்சியாவது இங்கு மட்டுமே போலும். இதனை மீண்டும் மீண்டும் செய்தால் ஆய்பொருளே தேய்ந்துவிடும். மலையிற் புகை கண்டு நெருப்புண்டெனக் கருதுவது பழைய நூல்களின் எடுத்துக்காட்டு. மேம்பாலத்தில் நான்காம் கியரில் ஏறுகையில் இரைச்சல் கூடியும் வேகம் கூடாமல் தீய்ந்த நாற்றம் வருமாயின், மலையும் தேவையில்லை.

இனி, அறிபவனைப் பற்றியும் ஆராய வேண்டும். டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்றுநர் பக்கமும் ஒரு கிளட்ச் மிதி உண்டாதலால், முதல் கார் வாங்குபவர் பெரும்பாலும் பிறர் காலால் ஓட்டிப் பழகியவர். வண்டி குலுங்கினால் குற்றம் பிளேட்டினதா, தம் காலினதா என்று பிரித்தறிய அவரால் இயலாது. இக்குறைக்கு நூல்வழித் தீர்வு இல்லை. பழகிய மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்று அவரையே ஓட்டச் சொல்ல வேண்டும். கிளட்ச் வேலையில் கூலியின் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கே போவதால், அவர் உதட்டைப் பிதுக்கினால், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றின் விலையோடு அந்தக் கூலியையும் கழித்துக்கொண்டே விலை கேட்க வேண்டும்.