அட்மிஷன் தாத்தா

புதூர் கடைவீதியில் மழை, உளுந்து விலை, வத்தல் விலை மூன்றையும் தவிர நான்காவதாக ஒரு பேச்சு காதில் விழுந்தால், அதைத் தொடங்கியவர் அட்மிஷன் தாத்தாவாகத்தான் இருப்பார். மகன் பெண்டாட்டி பிள்ளையோடு வெளிநாட்டுக்குக் குடிபோகிறான். விசாவும் வேலையும் மகனுக்கு. பேரனுக்குப் பள்ளிக்கூடம் தேடும் கவலை முழுக்கத் தாத்தாவுக்கு. மதுரையைத் தாண்டி வடக்கே போனதில்லை. ஆனாலும் லண்டனில் எந்தத் தெருவில் வீடு பிடித்தால் எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

கரிசக்காட்டுச் சம்சாரிக்குப் புரட்டாசியில் விதைப்பு, தை மாசியில் வெள்ளாமை. தாத்தாவின் காலண்டரே வேறு. இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 15. ஊரே பொங்கல் வைத்துக்கொண்டிருக்கும்போது இவர் போனும் கையுமாக நிற்பார்: "பாரத்தை அனுப்பிட்டியாப்பா?" முடிவு தெரிவது ஏப்ரல் 16. சித்திரை பிறந்ததுமே குலசாமிக்கு முடிந்துவைத்த காசு மஞ்சள் துணியில் தயாராகிவிடும்.

வயசுக் கணக்கில்தான் அவர் முழுப் புலமையும் வெளிப்படும். "ஆகஸ்ட் 31க்குள்ள நாலு முடிஞ்சா இங்கிலாந்துல ரிசப்ஷன் வகுப்பு. சிட்னின்னா ஜூலை 31க்குள்ள அஞ்சு முடியணும். சிங்கப்பூர்ல ஏழு முடியுற வருஷம்தான் ஒண்ணாங்கிளாசு, அதுவும் ஜனவரியில தொறப்பாக." இப்படிப் பேசுகிறவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டார், சேர்ந்தார். பிறந்த தேதியை வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஒன்றாகப் பார்த்துப் போட்டுக்கொண்டார். அதே மனிதர்தான் இப்போது மருமகள் இரண்டாவது உண்டாகியிருப்பது தெரிந்ததும், "செப்டம்பர் ஒண்ணுக்குத் தள்ளிப்போச்சுன்னா புள்ளைக்கு ஒரு வருஷம் வீணாப்போகுமே" என்று பெருமூச்சு விடுகிறார்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். தாத்தா முத்தையா, மகன் மு. கருப்பசாமி என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் பாரத்துக்கு இனிஷியல் ஆகாது. குடும்பப் பெயர் வேண்டும். இனிஷியலை விரித்து எழுதியதில் கருப்பசாமி 'மிஸ்டர் முத்தையா' ஆகிவிட்டார். பேரனின் பின்னால் கருப்பசாமி நிற்கிறார்; மருமகள் பின்னால் அவளைப் பெற்றவர் நிற்கிறார். மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். ஒரே குடும்பம்தான் என்று நம்பவைக்கப் பிறப்புச் சான்றிதழையும் கல்யாணச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு பேரூராட்சிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் நடந்தவர் தாத்தாதான். ஆனாலும் அதில் அவருக்கு ரகசியச் சந்தோஷம். லண்டன் பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்கார டீச்சர் மகனைக் கூப்பிடப்போவது தன் பெயரைச் சொல்லியல்லவா!

பிறகு தூரம். "அங்க இடம் பத்தலைன்னா வீட்டு வாசல்லருந்து பள்ளிக்கூட வாசலுக்கு அளப்பாகப்பா. பல ஊர்ல நேர்கோடுதான் கணக்கு. ஓடையச் சுத்திப் போற பாதையெல்லாம் செல்லாது." சின்ன வகுப்புக்கு முப்பது பிள்ளைக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் வாடகை எகிறும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் படத்தை விரித்து, இந்த வீடு வேண்டாம், அந்த வீடு என்று மகனுக்கு உத்தரவு போகும். பயிருக்குத் தண்ணி பாய்ச்சுகிறவன் மடையை மாற்றுவதுபோல ஒரு விரலில் தெருவை மாற்றுவார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தாத்தா தோற்றார். பேரன் வகுப்புக்கு என்று 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலைமிட்டாயைப் பெட்டி பெட்டியாகக் கட்டினார். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு என்பதால் பள்ளிக்குள் அதற்கு அனுமதியில்லை என்று மகன் சொன்னான். "கடலைய வெலக்கி வச்சுட்டு என்னத்த வல்லரசு?" என்று அன்று முழுக்க இங்கிலாந்தோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்.

மறுநாள் சமாதானமாகி மறுபடி புகழ ஆரம்பித்தபோது, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பள்ளிக்கூடத்த யாரு நடத்துறாக அண்ணாச்சி?"

"சர்க்காருதான்."

"பீஸு?"

"ஒத்தப் பைசா கிடையாது."

"சாப்பாடு?"

"மொத மூணு வகுப்புக்கு மத்தியானச் சோறு சும்மா. 2014லருந்து போடுறாகளாம்!"

"காமராசர் நம்ம எட்டயபுரத்துல அம்பதுகள்லயே ஆரம்பிச்சு வச்சிட்டாரு. இப்பக் காலையிலயும் போடுறாக. சரி, பள்ளிக்கூடம் எம்புட்டுத் தூரம்?"

"நடந்தே போயிரலாம்."

"அப்ப நம்ம யூனியன் பள்ளிக்கூடந்தான்னு சொல்லுங்க. ஒங்க வீட்டுக்கு எதுத்தாப்புலயே இருந்துச்சே. மகன மட்டும் ஏன் விடியக்காலம் வேன்ல ஏத்தி இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்புனீக?"

தாத்தா டீயை ஆற்றினார். ஆறிய டீயை மறுபடி ஆற்றினார்.

"அது வேற, இது வேற வாத்தியாரே. அங்க சேரணும்னா விசா வேணும்லா!"

"அப்படிச் சொல்லுங்க. நம்ம யூனியன் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு விசா போட்டாத்தான் கூட்டம் சேரும்போல" என்று வாத்தியார் எழுந்தார். டீக்காசைத் தாத்தாதான் கொடுத்தார்.