ஆவக்காய் ஏறிய மலை

ஞாயிற்றுக்கிழமை, வாரத்தின் முதல் வேலை நாள். மஸ்கட் அலுவலகத்தில் பையைத் திறந்தால் லேப்டாப் மேல் ஆவக்காய் எண்ணெய். பக்கத்து மேசை எகிப்துக்காரர் மூக்கை இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அது திறக்காத ஜன்னல். எல்லாம் வெள்ளிக்கிழமை ஜெபல் ஷம்ஸ் ஏறப் போனதால் வந்த வினை.

ஜெபல் ஷம்ஸ் என்றால் சூரிய மலை. ஓமானிலேயே உயரமானது. நிஜ உச்சி ராணுவத்தின் வசம். நம்மைப் போன்றவர்களுக்குத் தெற்கு உச்சி, 2,997 மீட்டர். "இன்னும் மூணு மீட்டர் இருந்தா ரவுண்டா ஸ்டேட்டஸ் போட்டிருக்கலாம்" என்று ஒருவர் கிளம்பும் முன்பே வருத்தப்பட்டார். போய்வர ஏறக்குறைய 20 கிலோமீட்டர், ஒன்பது பத்து மணி நேரம், வழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. அந்த மலை சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. பாறையில் சிப்பி பதிந்திருக்கும். அந்தச் சிப்பியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்கு முன் சாப்பாட்டை முடித்துவிடுகிறேன்.

கிளம்பும் முன் நாங்கள் சில குடும்பங்கள் வாட்ஸப்பில் நாலு நாள் பேசினோம். செருப்பு போதுமா, ஷூ வேண்டுமா என்று ஒரு அப்பாவி கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. புளியோதரை யார் வீட்டில் என்பதற்கு மட்டும் வாக்கெடுப்பு நடந்து, சமமாகப் போய், இரண்டு வீட்டிலும் கிளறினார்கள். நாங்கள் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான் இரண்டும் ஒன்றுதான் என்றேன். இரண்டு வீட்டிலும் இப்போது என்னோடு பேச்சு இல்லை.

காபிக்கு டிகாக்‌ஷன் ஒரு பிளாஸ்க், பால் ஒரு பிளாஸ்க். கலந்து எடுத்துப் போனால் வாடை வந்துவிடுமாம். மஸ்கட் ரூவியில் வாங்கிய வாழையிலை ஒரு கட்டு. தயிர்சாதம் எவர்சில்வர் தூக்கில். அப்பளம் நொறுங்காமல் இருக்கத் தனி டப்பா, அதைத் தூக்கத் தனி ஆள். கையை ஊன்றி ஏற வேண்டிய பாறை வந்தபோதெல்லாம் டப்பா மேலே நிற்பவரிடம் போனது, பிறகு இவர் ஏறினார். குழந்தையைக்கூட அப்படிக் கொடுத்து வாங்கி நான் பார்த்ததில்லை. தண்ணீர்? குடும்பத்துக்கு ஒரு பாட்டில். "கனமா இருக்கும் அண்ணே."

ஊறுகாய் என் பையில் ஏறியதும் அப்படித்தான். டிரெக்கிங் பை வாங்க மனசு வராமல் ஆபீஸ் பையையே கொண்டு போனேன். ஸ்வெட்டர், டார்ச், கொஞ்சம் முறுக்கு. முறுக்கு எனக்கு மட்டும். "உங்க பையில இடம் இருக்கே அண்ணே" என்று பாட்டிலைச் சொருகினார்கள். தார் ரோடு முடிந்து கப்பி ரோட்டில் ஜீப் குதித்த குதியில் மூடி கழன்றது.

பாதை தெளிவாகத்தான் இருந்தது. பாறைக்குப் பாறை மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பட்டை. ஒன்றரை மணி நேரம் நடந்திருப்போம். ஒரு ஜூனிபர் மரம் தெரிந்தது. நிழலைப் பார்த்துவிட்டு "இங்கயே உக்காந்தா என்ன?" என்றார் எங்களில் ஒரு கும்பகோணத்துக்காரர். உட்கார்ந்தோம். பக்கத்தில் நிலம் அப்படியே அறுந்து ஆயிரம் மீட்டர் போல வாதி நக்ருக்குள் இறங்குகிறது. அரேபியாவின் கிராண்ட் கேன்யன் என்பார்கள். எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள், காற்றில் இலை பறக்கிறதாம்.

அறுபது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஆளுக்கொரு கழியோடு எங்களைக் கடந்து மேலே போனார்கள். கையில் ஆளுக்கொரு ஆப்பிள். "பாவம், வீட்ல சமைக்கிறது இல்லபோல" என்று ஒரு அண்ணி உச்சுக்கொட்டினார். அவர்கள் உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது நாங்கள் அதே மரத்தடியில் இரண்டாவது பந்தி முடித்துக் காபி ஆற்றிக்கொண்டிருந்தோம். எச்சில் இலைகளை ஆடுகள் பார்த்துக்கொண்டன.

நடுவில் எனக்குச் சிப்பி கிடைத்தது. ஒரு ரூபாய்க் காசு அளவு, கல்லோடு கல்லாக, வரிவரியாக. எல்லோரையும் கூப்பிட்டேன். வந்து பார்த்தார்கள். "சமமா இருக்கே" என்று அதன்மேல் ஊறுகாய் பாட்டிலை வைத்தார்கள்.

உச்சியா? யாரும் போகவில்லை. குரூப் போட்டோவில் பின்னால் தெரிவது உச்சி என்று எல்லோரும் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார்கள். அது உச்சியே இல்லை. நான் அதற்கு லைக் போட்டிருக்கிறேன்.

பையை மூன்று தரம் துவைத்தாகிவிட்டது, வாடை போகவில்லை. இன்று எகிப்துக்காரர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, அது என்ன ஊறுகாய், மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் கொட்டிப் போய்விட்டது என்றேன். அரை பாட்டில் என் டிராயரில் இருக்கிறது.