அவர்களே, அவர்களே!

மைக்கைக் கண்டதும் நம் ஆட்களுக்கு என்னதான் ஆகிறது? நேற்றைய பதிவின் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கொஞ்சம் கடுகடுவென்றுதான் எழுதுவேன்.

இலுப்பூர்ப் பக்கம் ஒரு சமுதாய வானொலியில் நேர்காணல் நடத்துகிறேன். 100 வாட் நிலையம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டினால் அதிகம். அன்னவாசல் நிச்சயம். விராலிமலை மயில்களும் கேட்பதாக நாங்களே சொல்லிக்கொள்கிறோம். சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி கிடையாது. ஆகவே பேட்டிதான் பிழைப்பு.

நேற்று வந்தவர் உளுந்து விவசாயி. அக்கம்பக்கத்துக் கொல்லையெல்லாம் மஞ்சள் தேமல் விழுந்து கிடக்க, இவர் கொல்லை மட்டும் பச்சைப்பசேல். தேமலைத் தாங்கும் வம்பன் 8 போட்டிருந்தால் ஆச்சரியமில்லை. வம்பன் ஆராய்ச்சி மையம் நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது. இவர் போட்டதோ வீட்டு விதை. எப்படித் தப்பியது? அந்த ரகசியத்தை வாங்கித் தருவதாக நேயர்களிடம் தம்பட்டம் அடித்திருந்தேன். உங்களுக்கும் சொல்கிறேன், பொறுங்கள்.

1960-களில் திருச்சி வானொலி சொல்லச் சொல்லத் தஞ்சாவூர்க்காரர்கள் நட்ட ஆடுதுறை 27-க்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர் வந்தது. ஒரு ‘ரேடியோ உளுந்து’க்கு நான் ஆசைப்படக் கூடாதா?

டீக்கடையில் வரப்புத் தகராறு முதல் வெள்ளை ஈ வரை வெளுத்து வாங்கியவர்தான். சிவப்பு விளக்கு எரிந்ததும் முதுகு நிமிர்ந்தது, தொண்டை கனைத்தது.

“அண்ணே, தேமல் வராம எப்படிப் பாத்துக்கிட்டீங்க?”

“நிலைய இயக்குநர் அவர்களே...”

இயக்குநர் புதுக்கோட்டை போயிருந்தார். அறைக்குள் நானும் அவரும் மட்டும். “எனக்கு முன்பு சிறப்பாகப் பேசி அமர்ந்திருக்கும் அறிவிப்பாளர் அவர்களே!” அது நான், பேசியது அந்த ஒரு கேள்வி. “கண்ணாடிக்குப் பின்னே வீற்றிருக்கும் ஒலிப்பதிவாளர் அவர்களே!” தம்பி எழுந்து கும்பிட்டான், பொத்தானை விட்டுவிட்டு. வேளாண் அலுவலர் அவர்களே. வார்டு உறுப்பினர் அவர்களே. உரக்கடை முதலாளி அவர்களே. அவருடைய மூத்த மகன் அவர்களே. இளையவன் கோபித்துக்கொள்வான் என்பதால் இளைய மகன் அவர்களே. கிணறு வெட்டக் கடன் கொடுத்த சம்பந்தி அவர்களே. வட்டி கேட்காத சம்பந்தியம்மாள் அவர்களே. ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, இளைஞர் நற்பணி மன்றத்தினரே. “பெயர் விடுபட்ட அனைவரையும் விளித்ததாகவே கருதிக்கொள்ள வேண்டுகிறேன்” என்றார். அப்பாடா என்று நிமிர்ந்தேன். விடுபட்டவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வர ஆரம்பித்தன.

கையைக் காட்டினேன். கடிகாரத்தைக் காட்டினேன். வாழ்த்துகிறேன் என்று நினைத்துப் பதிலுக்குக் கும்பிட்டார். (நான் அவரை அறிமுகப்படுத்தியதே நாலு நிமிஷம். அது வேறு விஷயம்.) கடைசியில், “காலத்தின் அருமை கருதி என் உரையை இத்துடன்...” விளக்கு அணைந்தது.

அந்தக் காலத்து ஆகாசவாணியில் உரைகளை எழுதி வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் மைக் முன்னால் உட்கார வைப்பார்கள். அவர்கள் ஒன்றும் பைத்தியக்காரர்கள் இல்லை. எனக்கு வெட்டக்கூட வழியில்லை. உரக்கடைக்காரர் பேரை எடுத்தால் அடுத்த மூட்டை கடனுக்கு வராது. அந்தக் கடையில் எனக்கும் கணக்கு உண்டு.

இன்று ஒலிபரப்பானதிலிருந்து போன் ஓயவில்லை. தேமலுக்கு என்னதான் செய்தாராம்? அவரையே கூப்பிட்டுக் கேட்டேன்.

“அதுக்குத் தனியா ஒரு நிகழ்ச்சி வைங்க தம்பி, வந்து விலாவாரியாப் பேசுறேன். ஆமா, போன தடவ பொன்னாடை போத்தலையே, என்ன விஷயம்?”