ஜெனரேட்டரில் வல்லினம் மிகும் இடங்கள்

பினாங்கிலுள்ள ஆயர் ஈத்தாம் என்றால் மலாயில் கருந்தண்ணீர். பெயரிலேயே இருட்டு உள்ள ஊரில் கரண்டு போனால் என்ன செய்வது என்று நன்னூலார் சொல்லவில்லை. அக்குறை போக்கவே இவ்வாய்வு.

1996 ஆகஸ்டு 3 மாலை மலேசியத் தீபகற்பமே இருண்டபோது என் ஆய்வுக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு மெழுகுவர்த்தி. 2017 நவம்பர் 4 இரவு பினாங்கைப் பெருமழை புரட்டியெடுத்தபோதோ அத்தான் விட்டுப்போன 2 கேவிஏ ஜெனரேட்டர் இருந்தது. திறன் காரணி 0.8 என்று அதில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. பெருக்கினால் 1,600 வாட். பெரிய எழுத்து விற்பவருக்கு, பொடி எழுத்து வாங்கியவருக்கு.

வீட்டு மின்பொருள் மூவினம். 9 வாட் விளக்கு, 70 வாட் காத்தாடி, கைப்பேசி சார்ஜர் ஆகியவை மெல்லினம். (காத்தாடியும் மோட்டார்தானே என்பார் உளர், அதன் சலசலப்பை இலக்கணம் பொருட்படுத்தாது.) சுடுவதெல்லாம் வல்லினம்: ரைஸ் குக்கர் 600, இஸ்திரிப்பெட்டி 1,000, கெட்டில் 2,000. வல்லினத்திடம் வஞ்சகம் இல்லை. அடியில் எழுதியிருப்பதைத்தான் கேட்கும். கெட்டில் தனியாளாகவே வரம்பு மீறுவதால், கரண்டு வரும்வரை கோப்பிக்கு அடுப்புதான்.

வம்பெல்லாம் இடையினத்தில்: ஐஸ்பெட்டி, கிரைண்டர், தண்ணீர் பம்பு. ஓடும்போது ஐஸ்பெட்டி 150 வாட்டில் பசுவாக இருக்கும். கிளம்பும் நொடியில் ஆறு மடங்கு வரை கேட்கும். நின்றிருக்கும் மோட்டாருக்குள் எதிர் மின்னழுத்தம் பிறப்பதில்லை. தடுக்க ஆளில்லாமல் மின்சாரம் பாய்கிறது. சுழலத் தொடங்கியபின் அடங்கிவிடும். பந்தியில் முதல் ஆளாய் இடம்பிடிக்க முண்டியடித்து, ரசம் வரும்போது பரமசாதுவாக உட்கார்ந்திருக்கும் உறவினர் ஒருவர் எல்லார் வீட்டிலும் உண்டு.

அன்றிரவு தாளில் கணக்குப் போட்டேன். சோறு 600, ஐஸ்பெட்டி 150, விளக்கும் காத்தாடியும் 250, மொத்தம் ஆயிரம். அறுநூறு மிச்சம் என்று மீசையை முறுக்கினேன். ஐஸ்பெட்டி தானே உறங்கித் தானே விழிப்பது என்பதை மறந்துபோனேன். சோறு பாதி வெந்திருக்கையில் அது விழித்தது. 600, 250, அதன்மேல் ஒரு 900. ஜெனரேட்டர் இருமிவிட்டு அணைந்தது. மிகா இடத்தில் மிகுந்தால் தமிழாசிரியர் காதைத்தான் திருகுவார். இங்கே குடும்பமே பட்டினி.

ஆக, வாட்டைக் கூட்டுவது ஆய்வாகாது. ஐஸ்பெட்டி உறங்கும்போதும் அது விழித்தெழ ஓர் இடம் காலியாக வைத்திருக்க வேண்டும். இம்முடிவுக்கு நான் வர மூன்று தாள் ஆயிற்று. அம்மா இருட்டிலிருந்தே சொன்னார்: “சோறு வேகுற வரைக்கும் ஐஸ்பெட்டி பிளக்கைப் புடுங்கி வையேன் தம்பி.” கதவைத் திறக்காவிட்டால் நாலு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும் என்பதால் ஆய்வாளரால் மறுக்க இயலவில்லை.

கிளை ஆய்வு ஒன்று: இதே ஜெனரேட்டரைப் பினாங்குக் கொடிமலைக்குத் தூக்கிப்போனால், 833 மீட்டர் உயரத்துக் காற்று லேசாகிப் பத்தில் ஒரு பங்கு வலு போய்விடும். ஐஸ்பெட்டியைக் கீழேயே விட்டுச் செல்க. மலையில் எப்படியும் குளிர்தான்.

விளையாட்டு இதோடு போதும். ஜெனரேட்டர் வயரைச் சுவர்ப் பிளக்கில் செருகாதீர்கள்; கரண்டு தெருக் கம்பிக்கு ஏறி, பழுதுபார்க்க வந்தவரைக் கொல்லும். வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து இருபதடி தள்ளி வையுங்கள். பிளாட்டு நடைபாதை ‘வெளியே’ என்று ஆகாது. ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.