கௌபாய்க்குக் கல்யாணம் செய்துவைப்பது எப்படி?

முதல் வேலையாகக் கதாநாயகியை அநாதையாக்குங்கள். ஊர் பாஸ்டனாக இருக்கட்டும். அப்பா கடனாளியாகச் செத்துப்போயிருக்க வேண்டும். சித்தப்பா மிச்சத்தை அமுக்கியிருக்க வேண்டும். தொப்பை வைத்த வங்கி முதலாளி ஒருவர் இரண்டாம் தாரமாகக் கேட்டு வாசலில் நிற்க வேண்டும். இரண்டாம் அத்தியாயம் முடிவதற்குள் அவள் கையில் ஒரு தோல்பெட்டியும், மொன்டானாவிலிருந்து முகம் தெரியாத ஒருவன் எழுதிய கடிதமும் வந்துவிட்டால், அமெரிக்க மேற்கில் நடக்கும் சரித்திரக் காதல் நாவலில் பாதி முடிந்த மாதிரி. மீதிப் பாதி சட்டைப் பொத்தான்கள்.

கடிதத்திலேயே கல்யாணம் பேசி மேற்கே போன பெண்கள் நிஜமாகவே உண்டு. ஆனால் நிஜத்தை ஊறுகாய் அளவுக்குத் தொட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஏசா மெர்சரிடம் மாட்டிக்கொள்வீர்கள். அன்றைய சியாட்டிலில் மரம் வெட்ட ஆண்கள் ஏராளம், பெண்கள் அபூர்வம். மெர்சர் என்ற இளைஞர் 1864இல் மாசசூசெட்ஸ் போய், உள்நாட்டுப் போரால் தெற்கிலிருந்து பஞ்சு வராமல் மில்கள் முடங்கிக் கிடந்த லோவெல் பக்கத்திலிருந்து பதினோரு பெண்களை அழைத்து வந்தார். வெற்றி தலைக்கேறிவிட்டது. அடுத்த தடவை பிரம்மச்சாரிகளிடம் தலைக்கு 300 டாலர் வசூலித்துக்கொண்டு கிளம்பினார். நூற்றுக்கணக்கில் கூட்டிவருவதாகச் சொல்லிப் போனவர், 1866இல் நூறு பேரைக்கூடக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. பணம் கட்டியவர்கள் கொதித்தார்கள். வந்த பெண்களில் ஒருவரை மெர்சரே கல்யாணம் செய்துகொண்டார். இப்படி ஒரு தரகரை நாவலுக்குள் விட்டால், உங்கள் கதாநாயகனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது பயணம். வண்டிக்கு நான்கு குதிரை பூட்டுங்கள். கதாநாயகியை முன்னால் உட்காரவைத்துக் கூந்தலை அவிழ்த்துவிடுங்கள். குடியேறிகள் மேற்கே போன ஓரிகான் தடத்தில் பெரும்பாலான வண்டிகளை இழுத்தவை எருதுகள் என்பதைப் பற்றி மூச்சு விடாதீர்கள். வண்டிக்கு வில் கிடையாது. உள்ளே மாவு மூட்டை, உப்புப் போட்ட பன்றிக்கறி, கலப்பை. உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும் என்று ஜனங்கள் இறங்கி நடந்தார்கள். சுமார் 2,000 மைல். ஒரு நாளைக்குப் பதினைந்து மைல் போனால் நல்ல நாள். வழியெல்லாம் காலரா. மரமே இல்லாத சமவெளியில் அடுப்பெரிக்க, காய்ந்த காட்டெருமைச் சாணத்தைப் பெண்கள் பொறுக்கி ஏப்ரனில் கட்டிக்கொண்டு வந்தார்கள். நம் வாசகிக்கு வறட்டி புதிதல்ல. ஆனாலும் அவள் குனிய, அவன் பார்க்க, காதல் பற்றிக்கொள்ளும் கட்டத்தில் கையில் வறட்டி இருப்பதை அவளும் ரசிக்க மாட்டாள். காட்டுப்பூ கொடுத்துவிடுங்கள்.

கதாநாயகன் ஆறடி. கண் சாம்பல் நிறம். தோளில் குண்டு பாய்ந்த வடு. அது எப்படி வந்தது என்பது பதினேழாம் அத்தியாயம் வரை தெரியக் கூடாது. நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசக் கூடாது. அவனை மாட்டுப் பண்ணை முதலாளியாகவே வையுங்கள். ஏனென்றால் நிஜ கௌபாய், மாதம் முப்பது நாற்பது டாலருக்குப் பிறத்தியார் மாட்டை ஓட்டிய கூலிக்காரன். அவர்களில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவராக இருந்திருக்கலாம் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். கயிறு வீசி மாடு பிடிக்கும் வித்தையே வக்கேரோக்கள் எனப்பட்ட மெக்ஸிகோ மாட்டுக்காரர்களிடம் கற்றதுதான். அட்டை ஓவியருக்கு இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. நீங்கள் மட்டும் எதற்குச் சொல்லி வைக்கிறீர்கள்?

கால்சட்டையில் ஜிப் வைத்துவிடாதீர்கள், அது இருபதாம் நூற்றாண்டுச் சமாசாரம். 1870இல் நடக்கும் கதைக்கு ரிவெட் அடித்த ஜீன்ஸும் ஆகாது. லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1873இல். பொத்தானே உத்தமம். ஒவ்வொன்றாக அவிழ்த்தால் பக்கமும் நிரம்பும்.

ஆராய்ச்சி செய்தே தீருவேன் என்பவர்கள், அடுத்தவர் கட்டுரையை எடுத்து அப்படியே வசனமாக்கலாம். செய்திருக்கிறார்கள். பூர்வகுடிக் கதாநாயகர்களை வைத்தே எழுதிக் குவித்த ஒரு பிரபல நாவலாசிரியையின் கதையில், காதலர்கள் தனித்திருக்கும் நேரம் பார்த்து, கருங்கால் ஃபெரட் என்ற கீரி மாதிரியான பிராணியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அது என்ன தின்னும், எதன் வளையில் குடியிருக்கும் என்று உயிரியல் வகுப்பே நடக்கும். இயற்கைப் பாதுகாப்புப் பத்திரிகை ஒன்றில் வந்த கட்டுரையின் வரிகள் அவை என்று 2008இல் வாசகிகள் கண்டுபிடித்தார்கள். காதலன் அப்படிப் பேசமாட்டான் என்ற சந்தேகம் அவர்களுக்கு இருந்திருக்கிறது.

இனி நிலம். இதை நாவலாசிரியர்கள் ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவார்கள். தாண்டுவதற்குக் காரணமும் இருக்கிறது. 1850ஆம் ஆண்டு ஓரிகான் நிலச் சட்டப்படி, கல்யாணமாகாத வெள்ளைக்காரனுக்கு 320 ஏக்கர். கல்யாணம் செய்துகொண்டால் 640, அதில் பாதி மனைவி பெயரில். உடனே ஓரிகானில் காதல் பொங்கி வழிந்தது. பதின்மூன்று, பதினாலு வயதுச் சிறுமிகளுக்கெல்லாம் வரன் வந்தது. உன் கண்களில் என்னைத் தொலைத்தேன் என்று உங்கள் கதாநாயகன் உருகட்டும். அங்கே அவனுக்குத் தெரிந்தது 320 ஏக்கர் என்பது உங்களோடு இருக்கட்டும்.

1862 மே மாதம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் இதைவிட விஷமம். ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். இருபத்தொரு வயதான, கல்யாணமாகாத பெண்ணும் மனுப் போடலாம், விதவையும் போடலாம். புருஷனோடு குடித்தனம் நடத்துபவள் போட முடியாது. ஆக, பெட்டியோடு வந்திறங்கும் உங்கள் அநாதைக்குச் சாம்பல் கண் எதுவும் தேவையில்லை. நில அலுவலகத்துக்கு வழி தெரிந்தால் போதும். அதற்குள் எவனாவது மண்டியிட்டு மோதிரம் நீட்டினால் அவளுக்கு 160 ஏக்கர் நஷ்டம். அந்த அலுவலகம் இருக்கும் தெருப்பக்கம் அவளை விடவே விடாதீர்கள்.

அந்த நிலம் அதற்கு முன் யாருடையது என்ற பேச்சும் வேண்டாம். சட்டம் வந்த அதே 1862இல், ஒப்பந்தப்படி வரவேண்டிய பணம் வராமல் மின்னசோட்டாவின் டகோட்டா மக்கள் பட்டினி கிடந்து, போரில் இறங்கினார்கள். டிசம்பர் 26 அன்று மன்கேட்டோவில் 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டே மற்றவர்களையும் மாநிலத்தை விட்டு விரட்டச் சட்டம் போட்டார்கள். ஆகவே உங்கள் கதையை அதற்குப் பின் வரும் வசந்தத்தில் ஆரம்பியுங்கள். புல் பச்சையாக இருக்கும், ஆள் நடமாட்டம் இருக்காது, மனிதக் கால் படாத மண் என்று வர்ணிக்கத் தோதாக இருக்கும்.

கடைசியில் முதலிரவு. நெப்ராஸ்காவில் வீடு என்பது புல்வேரோடு வெட்டியெடுத்து அடுக்கிய மண்கட்டி. மழை வந்தால் கூரை சேறாக ஒழுகும், சமயத்தில் பாம்பும் விழும். அதற்காகவே உள்ளே துணி கட்டி வைப்பார்கள். இதை வேண்டுமானால் மறைத்துவிடலாம். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் திருடிக்கொள்ளச் சொல்வேன். அடுத்தடுத்த நிலத்துக்கு மனுப் போட்டவர்கள், அக்கா தங்கைகளோ கல்யாணம் நிச்சயமான ஜோடிகளோ, எல்லைக் கோட்டின் மேலேயே ஒரு வீட்டைக் கட்டி, ஆளுக்கு அவரவர் பக்கம் படுத்துக்கொண்டது உண்டு. இரண்டு பேரும் அவரவர் நிலத்தில் குடியிருந்த கணக்கு. அடுப்பு அவள் பக்கம், வாசல் அவன் பக்கம் என்று வையுங்கள். பட்டா வரும்வரை கோட்டை யார் தாண்டுவது என்பதிலேயே முந்நூறு பக்கம் ஓட்டிவிடலாம். பட்டாவுக்கு இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்துக் கிழவர்கள் இருவரை அடிக்கடி ஜன்னலில் எட்டிப் பார்க்கவிடுங்கள். உங்கள் ஜோடி எவ்வளவு உருகினாலும் அவர்கள் கவனம் கட்டில் கால் எந்தப் பக்கம் ஊன்றியிருக்கிறது என்பதில்தான் இருக்கும்.